முதலில் கவுன்சில், பிறகுதான் இல்லம்

இங்கிலாந்தில் வயதான பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் வேலையை எங்கள் தமிழ் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறோம். அம்மா குளியலறையில் வழுக்கி விழுகிறார். வைத்தியசாலையில் இரண்டு வாரம். "இனித் தனியே வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்கிறார்கள். அன்றிரவே மகன் இணையத்தில் தேடி, பூந்தோட்டத்தோடு ஓர் இல்லத்தைக் கண்டுபிடித்து, முன்பணம் கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். வாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பவுண். அம்மாவின் சேமிப்பு வற்றத் தொடங்கும்போதுதான், பராமரிப்புச் செலவுக்கு உதவும் உள்ளூராட்சி மன்றம், அதாவது கவுன்சில், என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. "எங்களைக் கேட்டா சேர்த்தீர்கள்?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். ஆனால் வரும் கடிதத்தின் பொருள் அதுதான்: அந்த இல்லத்தின் கட்டணம் நாங்கள் கொடுக்கும் அளவை விட அதிகம், மீதியை யார் கட்டப் போகிறீர்கள்?

என் அம்மாவை இல்லத்தில் சேர்த்தபோது நானும் இந்தக் குழியில் ஒரு காலை வைத்து எடுத்தவள். ஆகவே இந்தக் குறிப்பு வரிசையைப் பற்றியது. எதை முதலில் செய்வது, எதற்குப் பிறகு எது என்பதே இங்கே பாதிப் பணத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் விதிகள் வேறு. வேல்ஸில் சேமிப்பு எல்லை 50,000 பவுண். ஸ்கொட்லாந்தில் தனிநபர் பராமரிப்புக்கு என்றே அரசு ஒரு தொகை கொடுக்கிறது. பணத் தொகைகளை 2025–26 நிதியாண்டின்படி எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் சில மாறும், சில பல ஆண்டுகளாக அசையவே இல்லை.

முதற்படி: தொலைபேசி

அம்மா எந்தக் கவுன்சிலின் எல்லைக்குள் வசிக்கிறாரோ அந்தக் கவுன்சிலை அழையுங்கள். நீங்கள் ஹரோவில் இருந்து அம்மா லெஸ்டரில் இருந்தால், அழைக்க வேண்டியது லெஸ்டரை. "அடல்ட் சோஷல் கேர்" (வயதுவந்தோர் சமூகப் பராமரிப்பு) என்ற பிரிவைக் கேளுங்கள். பேசும்போது "கேர் நீட்ஸ் அசெஸ்மென்ட்", அதாவது பராமரிப்புத் தேவை மதிப்பீடு, வேண்டும் என்று அந்த ஆங்கிலச் சொற்களிலேயே சொல்லுங்கள். "அம்மாவுக்குக் கொஞ்சம் உதவி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் சில தொலைபேசி எண்களைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று சொற்களைச் சொன்னால் சட்டம் பேசத் தொடங்குகிறது.

அந்தச் சட்டம் 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்புத் தேவைப்படலாம் என்று தோன்றும் எவரையும், அவர் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், இலவசமாக மதிப்பிட வேண்டியது கவுன்சிலின் கடமை என்று அது சொல்கிறது. எடுத்த எடுப்பிலேயே "சொந்த வீடு இருக்கிறதா?" என்று கேட்டு, "அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தொலைபேசியை வைக்கும் பழக்கம் இன்னும் உண்டு. விடாதீர்கள். பணக் கணக்கு பிறகு வருவது. தேவை மதிப்பீடு எல்லோருக்கும் உரியது. தன் பணத்தில் முழுக் கட்டணமும் கட்டப்போகிறவருக்குக்கூட அந்த அறிக்கை வேண்டும். பணம் தீர்ந்து ஒருநாள் கவுன்சிலிடம் வரும்போது, இல்லப் பராமரிப்பு அவசியம் என்பதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி அது.

அதே அழைப்பில் உங்களுக்கும் ஒரு மதிப்பீட்டைக் கேளுங்கள். பராமரிக்கும் மகள், மருமகள், கணவன் யாராக இருந்தாலும் தனக்கென்று "கேரர்ஸ் அசெஸ்மென்ட்" கேட்கும் உரிமை உண்டு. எங்கள் வீடுகளில் இதைக் கேட்பதற்கே வெட்கப்படுவோம். பெற்ற தாயைப் பார்ப்பதற்கு அரசாங்கத்திடம் விண்ணப்பமா என்று. கேளுங்கள். உங்களால் எது முடியும், எது முடியாது என்பது ஓர் அரசாங்கத் தாளில் பதிவாவது பின்னால் எவ்வளவு உதவும் என்பது அப்போது தெரியாது.

ஒரு கொப்பி வாங்குங்கள். யாரோடு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கொப்பி மாறாது.

அம்மா வைத்தியசாலையில் இருந்தால் வார்டிலுள்ளவர்களே கவுன்சிலுக்குத் தகவல் அனுப்பக் கேளுங்கள். கட்டில் வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்கள் நிலையும் விளங்குகிறது. ஆனால் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி நிரந்தர இல்லத்தைத் தெரிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. மீண்டும் நடக்கவும் தன் வேலையைத் தானே செய்யவும் பழக்கும் குறுகிய காலப் பராமரிப்பு அவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அது ஏற்பாடானால் ஆறு வாரம் வரை கட்டணம் கிடையாது. அந்த ஆறு வாரத்தில் சிலர் தேறி வீட்டுக்கே போய்விடுகிறார்கள்.

மதிப்பீட்டு நாள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பணத்தை இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

எங்கள் வீட்டுக்குக் கவுன்சில் அலுவலர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா ஐந்தரைக்கே எழுந்துவிட்டார். வாரக்கணக்கில் இரவுச் சட்டையோடு கிடந்தவர், அன்று கைத்தறிச் சேலை வேண்டும் என்று அடம்பிடித்தார். நான்தான் உடுத்திவிட்டேன். கொய்யகம் வைக்க இருபது நிமிடம், நடுவில் இரண்டு முறை உட்கார வைத்தேன். அலுவலர் வந்ததும் அம்மா முகம் மலர்ந்து, "பிள்ளைக்குத் தேத்தண்ணி போடு" என்று எனக்கு உத்தரவு போட்டார். பிறகு கேள்விகள். சமைக்கிறீர்களா? "ஓம், எல்லாம் நானேதான்." குளிப்பது? "ஒரு பிரச்சினையும் இல்லை." இரவில் எழும்புவீர்களா? "ஒருநாளும் இல்லை, நல்ல நித்திரை." அதற்கு முந்தைய இரவு மட்டும் நான்கு முறை நான் எழுந்திருந்தேன். அடுப்பை எரியவிட்டு மறந்து போனதால், எரிவாயுவை மூடி இரண்டு மாதமாகியிருந்தது.

அம்மா பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர். ஆனால் அலுவலரின் தாளில் விழுவது "தானே சமாளிக்கிறார்" என்ற வரி. அந்த ஒரு வரியால் வாரத்துக்குச் சில மணிநேர வீட்டு உதவி மட்டும் போதும் என்று முடிவாகிவிடலாம்.

ஆகவே மதிப்பீட்டுக்கு முன் இரண்டு வாரம் கொப்பியில் நாட்குறிப்பு எழுதுங்கள். எத்தனை முறை விழுந்தார், எத்தனை இரவு எழுந்தார், எந்த மாத்திரையை இருமுறை விழுங்கினார், எந்த நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அன்றைக்கு அதை அலுவலரின் கையில் கொடுங்கள். அம்மாவின் முன்னால் மறுத்துப் பேச மனம் வராவிட்டால், வாசல்வரை கூடச் சென்று, தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மோசமான நாளைச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று செய்துகொடுப்பதையெல்லாம் கழித்துவிட்டு, நீங்கள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். அதைத்தான் மதிப்பீடு கேட்கிறது.

அலுவலர் மனதுக்குள் வைத்திருக்கும் பட்டியலும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சட்டவிதிகளில் பத்து விடயங்கள் இருக்கின்றன. உணவு, உடல் சுத்தம், கழிப்பறை, உடை, வீட்டுக்குள் பாதுகாப்பாகப் புழங்குதல், வீட்டைப் பேணுதல், உறவுகளைப் பேணுதல், வேலை அல்லது கல்வி, வெளியே போய்ப் பொது வசதிகளைப் பயன்படுத்துதல், பிள்ளை வளர்ப்புப் பொறுப்பு. உடல் அல்லது மனநலக் குறைவால் இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ செய்ய முடியாமல், அதனால் அவருடைய நல்வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்பட்டால் அவர் உதவிக்குத் தகுதியானவர். "முடியும், ஆனால் வலியோடு" அல்லது "முடியும், ஆனால் ஆபத்தாக" என்பதும் முடியாது என்ற கணக்கில்தான் வரும். அம்மா சேலை உடுத்தினார் என்பது உண்மை. இருபது நிமிடமும் இன்னொருவரின் இரண்டு கைகளும் அதற்குத் தேவைப்பட்டன என்பதும் உண்மை. இரண்டாவதையும் சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஏற்பாடு செய்ய வேண்டியது கவுன்சில். பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்த்தால், பாட்டி சிறுநீர் அடக்க முடியாததை எப்படிச் சொல்லுவார்?

எழுத்தில் வரும் அறிக்கையைப் படித்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதில் இரண்டு விடயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: அம்மாவுக்கு எந்த மொழியில் பேசினால் விளங்கும், என்ன சாப்பிடுவார். மறதி நோய் வந்தவர்களில் பலர் பின்னால் கற்ற ஆங்கிலத்தை முதலில் இழந்து, தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறார்கள். "முட்டையும் சாப்பிடாத சைவம், தமிழ் பேசும் ஊழியர் தேவை" என்று அறிக்கையில் இருந்தால், இல்லம் தேடும் நேரத்தில் அது தேவையாகக் கணக்கிடப்படும். இல்லாவிட்டால் குடும்பத்தின் ஆசையாகத்தான் தெரியும். இந்த வேறுபாட்டின் விலை வாரத்துக்கு நூறு, இருநூறு பவுண் ஆகலாம்.

பணக் கணக்குக்கு முன் என்.எச்.எஸ். கதவு

அரசின் பொது மருத்துவ சேவைதான் என்.எச்.எஸ். பலர் தட்டாமலே கடந்து போகும் கதவு இது. ஒருவருக்குத் தேவையான பராமரிப்பில் பெரும்பங்கு உடல்நலம் சார்ந்தது என்று தீர்மானித்தால், இல்லத்தின் முழுக் கட்டணத்தையும் என்.எச்.எஸ். கட்டும். பெயர் "கன்டினியூயிங் ஹெல்த்கேர்". இதற்கு வீடும் சேமிப்பும் கணக்கில் வராது. தாதியோ சமூகசேவையாளரோ முதலில் ஒரு சுருக்கமான வடிகட்டல் படிவத்தை நிரப்புவார்கள்; அதில் தேறினால் விரிவான மதிப்பீடு. முடிவு வழக்கமாக 28 நாட்களுக்குள் வர வேண்டும். தேறுவது கடினம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. நோயின் பெயரைப் பார்த்துக் கொடுப்பதில்லை. தேவைகள் எவ்வளவு தீவிரமானவை, சிக்கலானவை, முன்கூட்டிச் சொல்ல முடியாதவை என்று பார்ப்பார்கள். ஆனாலும் "வடிகட்டல் படிவம் நிரப்பினீர்களா?" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

அதில் தேறாவிட்டாலும், பதிவுபெற்ற தாதியின் பராமரிப்பு தேவையாகி, தாதியர் உள்ள இல்லத்தில் சேர்ந்தால், தாதியர் செலவுக்கென்று வாரத்துக்கு 254.06 பவுணை என்.எச்.எஸ். நேரே இல்லத்துக்குக் கட்டும். இதுவும் சொத்துப் பார்க்காது.

பணக் கணக்கு

அடுத்தது கவுன்சிலின் நிதி மதிப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கைகள், ஓய்வூதியக் கடிதங்கள், வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் கேட்பார்கள்.

சேமிப்பும் சொத்தும் சேர்ந்து 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுக் கட்டணமும் அவருடையது. 14,250-க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடவே மாட்டார்கள். இரண்டுக்கும் இடையில் இருந்தால், 14,250-க்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரத்துக்கு ஒரு பவுண் வருமானம் வருவதாகக் கற்பனை செய்துகொள்வார்கள். அந்த வட்டியை எந்த வங்கி கொடுக்கிறது என்று அவர்களிடம் கேட்கக் கூடாது. இந்த எல்லைகள் 2010-இலிருந்து 2025–26 வரை மாறவில்லை. ஒருவர் வாழ்நாளில் கட்டும் பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வரப்போகிறது என்று சொன்னார்களே, அதை 2024 ஜூலையில் புதிய அரசாங்கம் கைவிட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்து நம்பியிருக்க வேண்டாம்.

வருமானம் வேறு கணக்கு. ஓய்வூதியம் முதலிய வருமானத்தில் வாரத்துக்கு 30.65 பவுணை அம்மாவின் கையில் விட்டுவிட்டு மீதியைக் கவுன்சில் எடுத்துக்கொள்ளும். எளிமைக்காக ஓர் உதாரணம்: அம்மாவிடம் 18,000 பவுண் சேமிப்பு, வாரம் 220 பவுண் வருமானம். 14,250-க்கு மேல் இருப்பது 3,750. அதற்குக் கற்பனை வருமானம் 15 பவுண். 220-உம் 15-உம் 235. அதில் 30.65 போக, அம்மா கட்ட வேண்டியது 204.35. இல்லத்தின் கட்டணத்தில் மீதி கவுன்சிலுடையது. அந்த 30 பவுணுக்குள்தான் தலைமுடி வெட்டுவது, சோப்பு, தொலைபேசி, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் ஐந்து பவுண் எல்லாம்.

மதிப்பிடப்படுவது அம்மாவின் பணம் மட்டும். பிள்ளைகளின் சம்பளத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. பெற்றோருக்குக் கட்ட வேண்டும் என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேருக்குக் கோபம் வருகிறது. அப்பாவின் வருமானமும் அப்படியே, அது அவருடையது. அம்மாவுக்கு வேலைசெய்த இடத்து ஓய்வூதியம் வருமானால், அதில் பாதியை வீட்டிலிருக்கும் கணவருக்குக் கொடுத்தால் அந்தப் பாதியை விட்டுவிடுவார்கள். கூட்டுக் கணக்கில் இருப்பதைப் பொதுவாகச் சரிபாதியாகப் பிரிப்பார்கள்.

வீட்டுக்கு வருவோம். கணவனோ மனைவியோ அங்கே தொடர்ந்து வசித்தால் வீடு கணக்கில் வராது. 60 வயதோ அதற்கு மேலோ ஆன உறவினரோ, உடல் இயலாத உறவினரோ அங்கேயே வசித்து வந்தாலும் வராது. அம்மாவைப் பார்ப்பதற்காகத் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து தங்கிய மகளுக்கு 52 வயது என்றால் கட்டாய விலக்கு இல்லை. ஆனால் கவுன்சில் தன் விருப்பின்படி விலக்கலாம், எழுதிக் கேளுங்கள். அம்மா தற்காலிகமாகத்தான் தங்குகிறார், திரும்பி வரும் எண்ணம் இருக்கிறது என்றால் அந்தக் காலத்திலும் வீட்டைத் தொட மாட்டார்கள். ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் தற்காலிகமாகச் சேர்ப்பதே நல்லது.

அம்மா தனியே வாழ்ந்த வீடு என்றால் கணக்கில் வரும். ஆனாலும், மற்றச் சேமிப்பு 23,250-க்குக் கீழே இருந்தால், நிரந்தரமாகச் சேர்ந்த முதல் 12 வாரம் வீட்டை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு "டெஃபர்ட் பேமென்ட்" ஒப்பந்தம் கேட்கலாம். வீட்டை ஈடாக வைத்துக் கவுன்சில் கட்டணத்தைக் கட்டிவரும். வீடு விற்கும்போதோ அவர் காலமான பிறகோ திருப்பிக் கொடுப்பது. வட்டியும் நிர்வாகக் கட்டணமும் உண்டு. கடன்தான். ஆனால் அவசரத்தில் வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதை விட மேல். வீட்டின் மதிப்பைக் கணக்கிடும்போது மீதி அடமானக் கடனும், விற்பனைச் செலவுக்காகப் பத்து சதவீதமும் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

இனி எங்கள் வீடுகளுக்கே உரிய மூன்று கேள்விகள்.

யாழ்ப்பாணத்துக் காணியும் வீடும் கணக்கில் வருமா? வரும். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துத்தான். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எழுதாமல் விடுவது தவறான தகவல் கொடுத்ததாக முடியும். விற்ற பணத்தை இங்கே கொண்டுவரச் சட்டத் தடை இருந்தால் மதிப்பிடும் முறை மாறும்: இங்குள்ள ஒருவர் அதை என்ன விலைக்கு வாங்குவார் என்று பார்ப்பார்கள். காணி உறுதி (பத்திரம்) யார் பெயரில், எத்தனை பங்கு, வழக்கு இருக்கிறதா, யார் குடியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஆவணத்தோடு காட்டுங்கள். நான்கு சகோதரர்களுக்குப் பொதுவான காணியில் அம்மாவின் பங்கின் மதிப்பு, முழுக் காணியின் நாலில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நகை? அம்மாவின் தாலியும் சங்கிலியும் காப்பும் தனிப்பட்ட உடைமைகள். அவை கணக்கில் வராது. பணத்தைக் கரைக்கவென்றே போன மாதம் வாங்கிய நகை என்றால் மட்டும் வேறு கதை.

"வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றி ஏழு வருடம் போனால் தொட முடியாதாமே?" கோவில் மண்டபத்தில் இதைச் சொல்லாத மாமா இல்லை. அந்த ஏழு ஆண்டு விதி வாரிசு வரிக்கு உரியது. பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படி ஓர் ஆண்டு எல்லை கிடையாது. கொடுத்த நேரத்தில் பராமரிப்புத் தேவைப்படும் என்று எதிர்பார்த்திருக்க முடியுமா, கட்டணத்தைத் தவிர்ப்பது முக்கிய நோக்கமாக இருந்ததா என்று பார்ப்பார்கள். இருந்தது என்று முடிவுசெய்தால், அந்தச் சொத்து இன்னும் அம்மாவிடமே இருப்பதாகக் கணக்குப் போடுவார்கள். வாங்கிய பிள்ளையிடமிருந்தே அறவிடவும் வழி உண்டு. நடக்க முடிந்த காலத்தில் மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்த வீடு வேறு. மறதி நோய் என்று வைத்தியர் எழுதிய அடுத்த மாதம் எழுதிய வீடு வேறு.

எங்கள் கோப்பில் அலுவலர் நிறுத்திய இடம் ஒரு காசோலை: 2,000 பவுண், ஊர்க் கோவில் திருவிழா உபயம். இது என்ன என்று கேட்டார். நல்லவேளையாக அம்மா பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைக்கிறவர். பிஸ்கட் தகரத்துக்குள் பன்னிரண்டு ஆண்டுப் பற்றுச்சீட்டுகள் இருந்தன, ஒவ்வோர் ஆண்டும் அதே திருவிழா, அதே உபயம். வழமையான செலவு என்று ஏற்றுக்கொண்டார். பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் கொடுக்கும் பழக்கமுள்ளவர்கள் இன்றிலிருந்தாவது மாறுங்கள்.

இல்லம் தேடுதல்

இப்போதுதான். தேவை எவ்வளவு என்பதும், கவுன்சில் எவ்வளவு ஒதுக்கும் என்பதும் தெரிந்த பிறகு.

அந்த ஒதுக்கீட்டை "பர்சனல் பட்ஜெட்" என்பார்கள். அந்தத் தொகைக்குள் அம்மாவின் தேவைகளுக்குப் பொருந்தும் ஓர் இல்லமாவது கவுன்சில் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் தொகையைக் கூட்ட வேண்டும். அதைவிட விலைகூடிய இல்லத்தை நீங்களாக விரும்பித் தெரிவுசெய்தால், இடைவெளியை "டொப்-அப்" என்று வேறொருவர் கட்ட வேண்டும். பொதுவாக அம்மா தன் பணத்திலிருந்து அதைக் கட்ட அனுமதி இல்லை, பிள்ளைதான். முன்பு சொன்ன அந்த வரி இங்கே வேலைசெய்யும். சைவ உணவும் தமிழும் தேவையாக எழுதப்பட்டிருந்து, அதற்குப் பொருந்தும் இல்லம் அந்த விலையில் இல்லையென்றால், டொப்-அப் கட்டும்படி உங்களைக் கேட்பது நியாயமில்லை. இதை எழுத்தில் வாதாடுங்கள்.

டொப்-அப்பில் கையெழுத்துப் போட்டால், அம்மா இருக்கும் காலம் முழுவதும் கட்ட முடியுமா என்று யோசியுங்கள். கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். நிறுத்தினால் அம்மாவை மலிவான இடத்துக்கு மாற்றிவிடக்கூடும். ஒப்பந்தம் கவுன்சிலோடு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லத்தின் கணக்காளர் தனியாக நீட்டும் தாளில் "உத்தரவாதம் தருபவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேறு கவுன்சில் எல்லைக்குள் இருக்கும் இல்லத்தையும் கேட்கலாம். லெஸ்டர் அம்மாவை ஹரோவில் மகளுக்குப் பக்கத்தில் சேர்த்தால், வழக்கமாகப் பணம் கட்டும் பொறுப்பு லெஸ்டரிடமே இருக்கும்.

பராமரிப்பு இல்லங்களைக் கண்காணிக்கும் சி.க்யூ.சி. அமைப்பின் தரமதிப்பீட்டை இணையத்தில் பாருங்கள். நான்கு தரம்: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற வேண்டும், போதாது. அறிக்கையின் தேதியையும் பாருங்கள். பிறகு நேரில் போங்கள், மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு. ஓர் இல்லத்தில் "சைவம் உண்டு" என்று சிரித்தபடி சொன்னார்கள். சமையற்காரரிடமே போய் நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். முட்டைப் பொரியல். அதற்கு முதல் நாள்? பாற்கட்டி வைத்த உருளைக்கிழங்கு. சோறு வாரத்துக்கு ஒருநாள். அந்தச் சட்டியையும் கரண்டியையும் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னோர் இல்லத்தில், வாரத்துக்கு மூன்று நாள் நாங்கள் சமைத்துக் கொண்டுவரும் சாப்பாட்டைத் தேதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சூடாக்கித் தர ஒப்புக்கொண்டார்கள். அதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுத வைத்தோம். சாமி விளக்கு ஏற்ற முடியாது, தீ அபாயம். மின்விளக்கு வைத்திருக்கிறோம், அம்மா அதை இன்றுவரை விளக்கு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

சேர்ந்த பிறகு மறக்கும் வேலைகள்

பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கு அரசு கொடுக்கும் "அட்டென்டன்ஸ் அலவன்ஸ்" உதவித்தொகையை அம்மா பெறுபவர் என்றால், கவுன்சில் பணத்தில் இல்லத்தில் இருக்கும்போது 28 நாட்களுக்குப் பிறகு அது நிற்கும். நீங்களே அறிவியுங்கள், இல்லாவிட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். முழுச் செலவையும் தானே கட்டுபவருக்கு அது தொடரும். பலர் தவறாக நிறுத்திவிடுகிறார்கள். தேவையைப் பொறுத்து வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண். அம்மா நிரந்தரமாக இல்லத்துக்குப் போய் வீடு ஆளின்றிக் கிடந்தால் அந்த வீட்டுக்குக் கவுன்சில் வரி விலக்கு உண்டு. கேட்காமல் கிடைக்காது.

தன் பணத்தில் கட்டுபவரின் சேமிப்பு 23,250-ஐ நெருங்கும்போது, மூன்று மாதம் முன்பே கவுன்சிலுக்கு எழுதுங்கள். எல்லைக்குக் கீழே போய்ப் பல மாதம் கழித்துக் கேட்டால், போன மாதங்களுக்கான பணத்துக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தரும் "லாஸ்டிங் பவர் ஒஃப் அட்டர்னி" பத்திரத்தை எழுதிப் பதிவுசெய்யுங்கள். பணத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. நினைவு போன பிறகு எழுத முடியாது. நீதிமன்றத்துக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூத்த பிள்ளை என்பதற்காக மட்டும் வங்கி எங்களுக்குக் காசு தராது.

பெற்றோரை விசாவில் வரவழைத்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வயது வந்த சார்புள்ள உறவினர் விசாவில் அழைத்தபோது, ஐந்து ஆண்டு நானே பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கவுன்சிலை அழைப்பதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை எடுங்கள், சமையலறை ஆலோசனை போதாது.

கவுன்சிலின் முடிவு தவறு என்று தோன்றினால், காரணத்தை எழுத்தில் கேட்டு, கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். பிரச்சினை தெரியவந்து பன்னிரண்டு மாதத்துக்குள். முதியோருக்கான தொண்டு நிறுவனமான ஏஜ் யூகே அமைப்பின் ஆலோசகர்கள் கடிதம் எழுதவும் வழிகாட்டுவார்கள்.

சேர்ந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கவுன்சில் முதல் மீளாய்வைச் செய்வது வழக்கம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எங்கள் மீளாய்வுக்கும் அதே அலுவலர்தான் வந்தார். அம்மா அன்றைக்கும் சேலைதான். எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஒரு குறையும் இல்லை" என்றார் அம்மா. அலுவலர் தலையாட்டிவிட்டு, எழுதாமல், என் பக்கம் கையை நீட்டினார். கொப்பியைக் கொடுத்தேன்.